மொழிபெயர்ப்புக் கட்டுப்பாடா, தலைமடையா?

கோபியிலிருந்து:
கலைச்சொல் குழுவுக்கு வணக்கம். திங்கட்கிழமை காலை இரண்டு பக்கப் பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். செடி தன் மரபணு வெளிப்பாட்டைப் புரதம் உண்டாகும் கட்டத்தில் எப்படி அடக்கி ஆள்கிறது என்பது பாடம். மரபணுவைப் படியெடுத்தல் முடிந்து அதன் நகலான தூது ஆர்.என்.ஏ. தயாராக இருக்கும், அதைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்தான் படிக்காது. வெள்ளத்தில் மூழ்கி ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலான தூதுகளை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஆபத்துக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் படிக்க விடுகிறது. நீர் வடிந்ததும் ஒதுக்கியவை திரும்ப வேலைக்கு வருகின்றன. ரைபோசோம் அப்படிப் படிப்பதற்கு மொழிபெயர்த்தல் என்று பெயர், அதனால் 'மொழிபெயர்ப்புக் கட்டுப்பாடு' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சுப் பையன், "ஏனுங்க மேடம், செடிக்கும் தணிக்கைக் குழு இருக்குதுங்களா?" என்றான். வேறு சொல் கொடுங்கள்.

ஈரோட்டிலிருந்து:
அம்மணி, சொல்லில் குறையில்லை. இலக்கணத்தில் மொழி என்றாலே சொல்தான். தூதில் மூன்றெழுத்து சேர்ந்து, புரதத்தின் கண்ணியான ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்றால் அது மூவெழுத்து ஒருமொழி. பெயர்தல் இடம் மாறுதல். நாற்றைப் பெயர்த்துத்தானே நடுகிறோம்? குறுந்தொகையில் 'மொழிபெயர் தேஎத்தர்' வருகிறது. ஈராயிரம் ஆண்டுச் சொல்லைக் கடைசி பெஞ்சுக்காக விட முடியாது.

கோவையிலிருந்து:
ஐயா, தொல்காப்பியர் ஓரெழுத்து ஒருமொழி, ஈரெழுத்து ஒருமொழி சொல்லிவிட்டு, இரண்டைத் தாண்டினால் தொடர்மொழி என்கிறார். மூவெழுத்து ஒருமொழி நீங்கள் செய்தது. அதோடு 64 மும்மைகளில் மூன்று எந்த அமிலத்தையும் குறிப்பதில்லை, நிறுத்து என்று மட்டும் சொல்கின்றன. அவை என்ன மொழி? ரைபோசோம் செய்வது மணி கோப்பது. 'புரதக்கோவை' என்போம்.

ஈரோட்டிலிருந்து:
கோயம்புத்தூர்க்காரருக்கு எல்லாமே கோவை. 'கோவைக் கட்டுப்பாடு' என்றால் போலீஸ் கட்டுப்பாட்டு அறை என்று நினைப்பார்கள்.

(இதன் பிறகு கோத்தலா, கோர்த்தலா என்று ஏழு மடல்கள். கோத்தல்தான் சரி. அதை விட்டுவிடலாம்.)

பெருந்துறையிலிருந்து:
நான் தமிழ் படித்தவனில்லை, கீழ்பவானிக் கடைமடையில் மஞ்சள் போடுகிறவன். மேடம் அனுப்பிய குறிப்பில் ஒன்று பிடித்தது. பல தூதுகளில் புரதத்துக்கான முதன்மைப் பகுதிக்கு முன்னால் ஒரு குட்டிப் பகுதி இருக்கிறதாம். ரைபோசோம் தலைப்பக்கமிருந்து வருவதால் முதலில் அதில் இறங்கிவிடுகிறது. கீழே உள்ளதற்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியின் ஒரு மரபணுவில், சுக்ரோஸ் என்ற சர்க்கரை ஏறினால் அந்தக் குட்டிப் பகுதியிலேயே சிக்கி நின்றுவிடுகிறதாம். இதற்கு எங்களிடம் பெயர் இருக்கிறது: தலைமடை. மேலே வாங்கிக்கொண்டால் கீழே வராது. ராத்திரி மூன்று மணிக்கு டார்ச்சும் மம்பட்டியுமாக வெறும் வாய்க்காலில் நின்றவனுக்கு விளக்கமே வேண்டாம். 2018இல் லெட்டூஸ் கீரையில் இந்த மடையை மரபணுத் திருத்தத்தால் கெடுத்ததும் வைட்டமின் சி கூடியிருக்கிறது. ஆக மொத்த விஷயத்துக்கும் 'மடைக்கட்டு' போதும்.

கோவையிலிருந்து:
அண்ணா, அந்தக் குட்டிப் பகுதிக்குத் தலைமடை அருமை, நான் கையெழுத்துப் போடுகிறேன். மொத்தத்துக்கும் ஆகாது. இருட்டில் செடி புரத வேலையை ஒட்டுமொத்தமாகவே குறைக்கிறது. அது மடையை அடைப்பதில்லை, பவானிசாகரில் மதகையே இறக்குவது.

பெருந்துறையிலிருந்து:
சரிங்க. அப்போ ஒரு போகம் ஒற்றைப்படை மதகு, அடுத்த போகம் இரட்டைப்படை மதகு என்று முறை வைத்து விடுகிறார்களே, அது போலவும் செடியில் ஏதாவது இருக்குதுங்களா?

கோபியிலிருந்து:
அண்ணா, அதை அப்புறம் பேசுவோம். அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தலைப்பில் 'புரத ஆக்கக் கட்டுப்பாடு' போட்டேன். உள்ளே அந்தக் குட்டிப் பகுதிக்குத் தலைமடை. நான்கு பேர் சரி என்றீர்கள், அதில் இருவர் எழுதியது "சரி, விடுங்கள்". படியெடுத்தலுக்கு அடுத்த பத்தியில் மட்டும் மொழிபெயர்த்தலை விட்டுவைத்திருக்கிறேன், தேர்வுத்தாளில் அதுதான் வரும்.

ஈரோட்டிலிருந்து:
ஆக்கம் என்றால் வள்ளுவரிடம் செல்வம். செடிக்குச் செல்வக் கட்டுப்பாடா, அம்மணி? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.