கடைசிக் கட்டத்தில் 5-3

சிகாகோக்காரன்:
நான் பேஸ்பாலுக்குள் நுழைந்ததே ஒரு பென்சிலைப் பிடித்துக்கொண்டுதான். சிகாகோ கப்ஸ் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் நான் பார்த்த முதல் ஆட்டம். ஒன்றும் புரியாமல் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் எழுபது தாண்டிய ஒரு அம்மா, மடியில் ஸ்கோர் கார்டு வைத்து ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து கார்டை என் பக்கம் திருப்பினார்.

களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பந்து வீசும் பிட்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. கார்டில் 6-4-3 என்று இருந்தால், பந்து யார் கையிலிருந்து யாருக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனார்கள் என்று பத்து வருடம் கழித்தும் சொல்லலாம். மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய பந்து) ஆனால் அவுட்; அதற்குக் குறி 'கே' (K). மட்டையை வீசாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கை வேடிக்கை பார்த்தவனுக்கு அந்த எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். "அவன் நின்ற லட்சணம் கார்டிலும் தெரியட்டும்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து பித்துதான். 2016-இல் கப்ஸ் 103 ஆட்டங்களில் ஜெயித்தது, பிட்சர் கைல் ஹென்ட்ரிக்ஸின் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன்) 2.13, கிரிஸ் பிரையன்ட் அடித்த 39 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) எல்லாம் எனக்கு வீட்டுத் தொலைபேசி எண் மாதிரி. ஆனாலும் கோப்பைக்கான ஏழு ஆட்டத் தொடரான வேர்ல்டு சீரிஸில் கிளீவ்லாந்திடம் 3-1 என்று பின்தங்கியபோது நம்பிக்கை போய்விட்டது. 1908-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி இல்லையா!

நவம்பர் 2, கிளீவ்லாந்தில் ஏழாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 6-6. அப்புறம் 17 நிமிடம் மழை. பத்தாவது இன்னிங்ஸில் எங்கள் பென் ஸோப்ரிஸ்டின் இரட்டை அடி (அடித்தவர் இரண்டாம் பேஸ் வரை போய்விடும் அடி). கடைசியில் மூன்றாம் பேஸில் நின்ற பிரையன்ட் பந்தை எடுத்து, கால் வழுக்கியபடியே, சிரித்துக்கொண்டு முதல் பேஸில் நின்ற ரிஸ்ஸோவுக்கு எறிந்தார். 8-7, ஜெயித்துவிட்டோம். கார்டில் 5-3 எழுதினேன்; கை நடுங்கியதில் 3 எட்டு மாதிரி விழுந்தது.

அடுத்த நாள் ரிக்லியின் செங்கல் சுவர் முழுக்க சாக்பீஸ் எழுத்து. இதைப் பார்க்காமல் போய்ச்சேர்ந்த அப்பா, பாட்டி, அண்ணன் பெயர்கள். ஒரு பெரியவர் குனிந்து தன் அப்பா பெயரை எழுதினார். அதன் கீழே 5-3. வேறு எதுவும் எழுதவில்லை. என்னைப் பார்த்து, "அவர்தான் எனக்கு ஸ்கோர் போடக் கற்றுக்கொடுத்தவர்" என்றார்.

நவம்பர் 4-ஆம் தேதி ஊர்வலத்துக்கும் போனேன். ஆற்றில் நீலச் சாயம் கலந்திருந்தார்கள். ஐம்பது லட்சம் பேர் வந்ததாக நகர நிர்வாகம் கணக்குச் சொன்னது. அந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் நான் நம்பவில்லை!

பே ஏரியா அக்கா:
எனக்கு மறக்காத ஊர்வலம் 2014, சான் ஃபிரான்சிஸ்கோ. வேர்ல்டு சீரிஸ் ஜெயித்த ஜயன்ட்ஸ் ஊர்வலம் அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று. அணியின் நிறமும் ஆரஞ்சு-கறுப்பு, பண்டிகை நிறமும் அதே. நல்ல மழை வேறு. பேய் வேடத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "ஒன்பதை 21-ஆல் வகுத்தால் எவ்வளவு?" என்று என்னைக் கேட்டான். 0.43! அதுதான் அந்தத் தொடரில் எங்கள் பிட்சர் மேடிசன் பம்கார்னரின் இ.ஆர்.ஏ.! மொத்தம் 21 இன்னிங்ஸில் அவர் விட்டது ஒரே ஒரு ரன். அதை ஒன்பது இன்னிங்ஸுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். வகுத்தல் பிடிக்காத என் மகளுக்கு அன்று ராத்திரி இதை வைத்துத்தான் பாடம் எடுத்தேன்.

கிளீவ்லாந்து:
சிகாகோ அண்ணா, அந்த ஏழாவது ஆட்டத்தில் நான் மைதானத்துக்குள் இருந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் எங்கள் ரஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கினாரே, அந்த ஆண்டு அவர் திருடிய பேஸ் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தது) 43, ஹோம் ரன் 12தான். ஓடுவதற்கென்றே பெயர் எடுத்தவர். கப்ஸ் பிட்சர் சாப்மன் போட்ட பந்தை அவர் அப்படி அடிப்பார் என்று யார் நினைத்தார்கள்? முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கியே விட்டார். இரண்டு இன்னிங்ஸ் கழித்து அதே மனிதரும் நானும் வாயைத் திறக்காமல் படியிறங்கினோம். நாங்கள் கடைசியாகக் கோப்பை ஜெயித்தது 1948. என் கார்டிலும் கடைசிக் கட்டத்தில் 5-3தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.