கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையில் தினமும் போர்ஷே 911: முடியுமா?

குடந்தைவாசி:
கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு அது ஒன்றே கார் என்று வைத்துக்கொள்ள விரும்புகிறேன். 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோதே சிறிய பின்னிருக்கையும், முன்புறத்தில் பெட்டி வைக்க இடமும் அதில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பதற்காகச் செய்த வண்டி அல்ல அது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

மன்னை மெக்கானிக்:
மறுக்கிறேன். இந்தியச் சாலைப் பேரவையின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். நம் ஊர்ச் சாலைகளில் இருப்பவற்றில் பலவும் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. சாதாரண 911இன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி ஏறத்தாழ 12 செ.மீ.தான், மாருதி ஸ்விஃப்ட்டுக்கோ 16 செ.மீ.க்கு மேல். அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் வயலிலிருந்து சாலையில் ஏறும் இடங்களில் களிமண் கட்டிகள் விழுந்து, வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அவற்றின் மீது முன்பம்பரின் அடிவிளிம்பு எத்தனை நாள் தாங்கும்?

ஐயாறன்:
நண்பர் சொல்வது பாதிதான். முன்பக்கத்தை 4 செ.மீ. வரை உயர்த்தும் வசதி பொருத்திய 911கள் இருக்கின்றன. குறைந்த வேகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஓட்டாமல் நிறுத்திவைப்பதுதான் இத்தகைய வண்டிகளுக்குப் பெரிய கேடு. பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கத்தில் அழுந்தித் தட்டையாகும், ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் டாங்கில் தேங்கினால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தினமும் சூடேறி ஓடும் எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மன்னை மெக்கானிக்:
ஓட்டாமல் வைப்பது கேடு என்பதை ஏற்கிறேன். ஆனால் எங்கே ஓட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1990களின் இறுதியில் 911 நீர்க்குளிர்விப்புக்கு மாறியபோது, எஞ்சின் பின்னால் இருக்க, ரேடியேட்டர்கள் முன்பம்பரின் இரு மூலைகளுக்கும் போய்விட்டன, ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்களும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் காற்றுவாய்கள் தரையை ஒட்டித் திறந்திருப்பதால், சாலையில் நெல் காயும் நாட்களில் வைக்கோல் துணுக்கு, பதர், தூசு எல்லாம் உள்ளே புகுந்து கண்டென்சருக்கு முன்னால் மெத்தைபோல் படியும். மழை பட்டால் அது ஊறி, ஈரத்தைப் பிடித்துவைத்து, அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். மாற்றுச் சக்கரமும் அண்மைக்கால 911களில் பெரும்பாலானவற்றில் கிடையாது. ஓட்டையடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு இயந்திரமும்தான் தருகிறார்கள். பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கவாட்டே கிழிந்துவிட்டால் பாபநாசத்தில் நின்றுகொண்டு என்ன செய்வது?

நாகையார்:
இருவரும் வண்டி படும் பாட்டையே பேசுகிறீர்கள். ஓட்டுபவரின் இன்பத்தை யார் பேசுவது? 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஏறத்தாழ ஒரு டன் எடைதான். பெரிய எஞ்சினும் இல்லை. ஆயினும் பத்து லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. எடை குறைந்தால் மிதமான வேகத்திலேயே வளைவு கைக்குத் தெரியும் என்பதே காரணம். அது இந்தியாவில் விற்கப்படவில்லை. ஆனாலும் அந்தப் பாடம் நமக்குப் பொருந்தும். கல்லணைச் சாலையில் நல்ல டயர் போட்ட ஸ்விஃப்ட்டை மூன்றாம் கியரில் வளைத்துச் செல்பவர் தம் வண்டியின் முழுத் திறனையும் பயன்படுத்துகிறார். அதே இடத்தில் 911 தன் திறனில் கால்பங்கைக்கூடக் காட்ட வழியில்லை.

குடந்தைவாசி:
நாகையார் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திறன் முழுவதும் செலவானால்தான் இன்பமா? நாற்பது கிலோமீட்டர் வேகத்திலும் அந்த ஸ்டீயரிங் தரும் துல்லியம் வேறு வண்டியில் இல்லை. அதற்காகத்தான் பணம் கொடுக்கிறேன். ஆனால் பதர் விஷயம் கனமானது. காற்றுவாயில் வலை கட்டினால் போதுமா?

மன்னை மெக்கானிக்:
நெருக்கமான வலை கட்டினால் காற்று குறைந்து எஞ்சின் சூடேறும். அகலமான கண்ணுள்ள வலையில் பதர் நுழைந்துவிடும். குறுவை அறுவடைக்குப் பின் ஒருமுறை, சம்பாவுக்குப் பின் ஒருமுறை முன்பம்பரைக் கழற்றித் துப்புரவு செய்வதே வழி. வாங்குவதற்கு முன்பும் பம்பரைக் கழற்றிக் கண்டென்சரைக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.