தேய்ந்த ரிவால்வருக்கு வீட்டிலேயே மெருகேற்றலாமா?

தளி விவசாயி
அப்பாவிடம் இருந்து முறைப்படி என் உரிமத்துக்கு மாறிய .32 ரிவால்வர் ஒன்று இருக்கிறது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு. ஆண்டுக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே கிடந்ததால் குழல் முனையிலும், தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரின் விளிம்பிலும் புளூயிங் (இரும்புக்கு ஏற்றும் கறுப்பு) போய் வெள்ளை இரும்பு தெரிகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது வலப்பக்கத்தில் மிளகு தூவியது போலத் துருப்புள்ளிகள். உப்புத்தாளால் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றி, உடலுக்குக் கறுப்பும் சிலிண்டருக்கு நிக்கல் முலாமுமாக இரண்டு நிறத்தில் செய்ய ஆசை. கைப்பிடிக்கு ஈட்டி மரம். எல்லாம் வீட்டிலேயே. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் லேத்துக்காரன்
தாராளமாகச் செய்யுங்கள் அண்ணா. இரும்பு இரும்புதான். எங்கள் பட்டறையில் தினமும் செய்கிற வேலை இது. எமரித் தாள் வரிசையாக மூன்று நான்கு, பிறகு பஃபிங், பிறகு புட்டியில் வரும், சூடாக்காமல் தடவுகிற குளிர் புளூயிங் திரவம். நிக்கலுக்கு ஓசூரில் முலாம் பட்டறைகளுக்கா பஞ்சம்? காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கிவிடலாம்.

அரூர் வழக்கறிஞர்
தம்பி, அந்தக் கடைசி வரியை உடனே திரும்பப் பெறுங்கள். உரிமம் இல்லாத பட்டறைக்காரர் கையில் ரிவால்வரைக் கொடுத்துவிட்டு வந்தால், கொடுத்தவருக்கும் வழக்கு, வைத்திருந்தவருக்கும் வழக்கு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் கேட்கிறது. 8ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. தயாரிப்பாளர் பெயர், தொடர் எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அழிந்த நிலையில் துப்பாக்கி உங்களிடம் இருந்தால், நீங்களே அழித்தீர்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். "மெருகேற்றும்போது மங்கிவிட்டது ஐயா" என்று உரிமம் புதுப்பிக்கப் போகும் இடத்தில் சொல்லிப் பாருங்கள்.

ஓசூர் லேத்துக்காரன்
எதற்கெடுத்தாலும் பிரிவு எண் சொல்லிப் பயமுறுத்துவதே வேலையாகிவிட்டது. சொந்தத் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதும் பழுதுபார்ப்பதா? எண் இருக்கும் இடத்தில் கை வைக்காமல் மற்ற இடத்தைத் தேய்த்தால் போயிற்று.

பர்கூர் கிரானைட்
கல்லை மெருகேற்றிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பஃபிங் சக்கரம் மேட்டைத்தான் முதலில் தின்னும். மேடு என்பது விளிம்பு. சட்டமெல்லாம் இருக்கட்டும், கையால் பார்த்ததைச் சொல்கிறேன். யாரோ வீட்டில் மெருகேற்றிய பழைய கைத்துப்பாக்கி ஒன்றை உரிமம் பெற்ற கடையில் பார்த்தேன். ஓரடி தள்ளி நின்றால் பளபளப்பு. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் அலை அலையாகத் தெரிகிறது. திருகாணித் துளைகள் ஓரம் குழிந்து புனல் வாய் ஆகிவிட்டன. திருகாணித் தலை அந்தப் பள்ளத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறது. எழுத்துகளின் கூர்மை போய் நகத்தால் தடவினால் வழுக்குகிறது. தொடர் எண் உள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கலாம் என்கிறீர்கள். அப்படித் தேய்த்தால் எண் இருக்கும் இடம் மேடாகவும் சுற்றிலும் பள்ளமாகவும் நிற்கும். அதைவிட அசிங்கம் உண்டா? ஒருமுறை போன உலோகம் திரும்ப வராது.

தளி விவசாயி
பஃபிங் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். துருவையாவது எடுக்க வேண்டாமா? புளித்தண்ணீர் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

பாலக்கோடு பழைய இரும்பு
ஐயையோ. பித்தளை அண்டாவா அது? புளூயிங் என்பது மேலே பூசிய வண்ணம் இல்லை. இரும்பின் மேல்தோலையே கறுப்பு ஆக்சைடாக மாற்றியிருக்கிறார்கள். துருவும் இரும்பு ஆக்சைடுதான், வேறு வகை. புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் துருநீக்கி எதுவானாலும் துருவோடு நல்ல கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் துருப்புள்ளிகளில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மிக நுண்ணிய இரும்புக் கம்பளியை அதே எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். சிவப்புப் பொடி வரும், கறுப்பு நிற்கும். புள்ளி இருந்த இடத்தில் சிறு குழி மிச்சமிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தளிப் பக்கத்து மார்கழிக் குளிரில் உறைந்து, உள்ளே விசையோடு ஒட்டிக்கொள்ளும்.

முக்கியமாக, அந்தத் தோல் உறையைத் தனியே வையுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதிலுள்ள அமிலமும் உப்பும் இரும்பை அரிக்கும். உங்கள் குழல் முனை வெளுத்ததற்கும் அந்த உறையின் உராய்வே காரணமாக இருக்கும். ஒப்படைக்கும்போதும் உறையைக் கழற்றி, எண்ணெய்த் துணி சுற்றிக் கொடுங்கள்.

ஊத்தங்கரை இரட்டைக்குழல்
தலைப்பு ரிவால்வர் என்றாலும் நம் பக்கத்து விவசாயிகள் பலரிடம் இருப்பது 12 போர் இரட்டைக்குழல்தான். அவர்களுக்காக ஒரு வார்த்தை. சூடான காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கிற புளூயிங்கை இரட்டைக்குழலுக்குச் செய்யவே கூடாது. தொட்டியின் வெப்பம் ஏறத்தாழ 140 டிகிரி. இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் பிடித்து வைத்திருக்கும் ஈயப்பற்றை அந்தக் காஸ்டிக் அரித்துவிடும். பட்டை கழன்று வந்த பிறகு அழுது பயனில்லை. அவற்றுக்கு மெதுவான துரு முறைதான். துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டுக் கறுப்பாக்கி, தேய்த்து, மறுபடியும் முதலிலிருந்து.

ஓசூர் லேத்துக்காரன்
சூடான தொட்டியை வீட்டில் வைக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. அந்தக் காஸ்டிக் கரைசல் தெறித்தால் கண் போய்விடும். ஆனால் வெளுத்த விளிம்புக்குக் குளிர் புளூயிங் தொட்டு வைப்பதில் என்ன குற்றம்? பாதித் துப்பாக்கி வெள்ளையாக இருந்தால் அது துருவை வா வா என்று கூப்பிடும்.

பாலக்கோடு பழைய இரும்பு
அந்த அளவில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதில் செலினியம் சேர்மம் இருக்கிறது, விஷம். கையுறை, காற்றோட்டம் இரண்டும் வேண்டும். துருவைத் தடுக்கும் திறனும் அதற்குக் குறைவு. உறையில் நாலு முறை போய் வந்தால் மறுபடியும் வெள்ளை.

பர்கூர் கிரானைட்
நிக்கலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முலாமுக்கு முன் அமிலத்தில் முக்குவார்கள். அப்போது கெட்டியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறும். முறையாகச் செய்பவர்கள் பிறகு சூடாக்கி அதை வெளியேற்றுவார்கள். வெடிப்பு அழுத்தத்தைத் தாங்குகிற சிலிண்டரில், மோட்டார் சைக்கிள் பாகத்துக்கு முலாம் போடும் ஆளை நம்புவீர்களா?

தளி விவசாயி
சரி, நிக்கலையும் பஃபிங்கையும் விட்டேன். கைப்பிடி மரத்திலாவது கை வைக்கலாமா, அதற்கும் பிரிவு இருக்கிறதா?

அரூர் வழக்கறிஞர்
மரத்தை உங்கள் விருப்பப்படி இழைத்துக்கொள்ளுங்கள். சந்தன மரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குத் தனி வழக்கு. பழைய கைப்பிடியை எறியாமல் வையுங்கள்.

ஓசூர் லேத்துக்காரன்
கடைசியில் எண்ணெய்த் துணியும் மரக்கட்டையும்தான் மிச்சம். சொந்தப் பொருளைக் கண்ணுக்கு அழகாக வைத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை இல்லையா என்ற என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அரூர் வழக்கறிஞர்
உண்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வழியாக. தளிக்காரரே, அவரிடம் கொடுக்கும்போது தொடர் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். மேல்பூச்சு முழுவதும் புதிதாக வேண்டுமென்றால், எண்ணும் குறிகளும் தெளிவாகத் தெரியும்படி முன்னதாகவே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தளி விவசாயி
ரசீது வாங்குகிறேன். இப்போதைக்கு எண்ணெயும் இரும்புக் கம்பளியும். ஊத்தங்கரைக்காரரே, அந்தத் துரு முறையை ரிவால்வருக்கும் செய்வார்களா? எந்த ஊர்க் கடையில் செய்கிறார்கள்?