ஐவரி கோஸ்ட் 2010 வாக்காளர் பட்டியல்: எண்கள் ஒட்டவில்லை, யாராவது உதவுங்கள்

நிலா_மதுரை

வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஐவரி கோஸ்ட் அமைதி முயற்சி பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். 2002 செப்டம்பர் 19-ல் கிளர்ச்சி, நாடு வடக்கு தெற்கு என்று பிளந்தது, 2007 மார்ச் 4-ல் அரசும் கிளர்ச்சியாளர்களும் செய்துகொண்ட வாகடூகு ஒப்பந்தம், 2010 அக்டோபர் 31-ல் தேர்தல். இதுவரை தெளிவாக இருக்கிறது. வாக்காளர் அடையாளப் பணிக்குள் நுழைந்ததும்தான் சிக்கிக்கொண்டேன்.

பதிவு செய்தவர்கள் சுமார் 63.8 லட்சம். தற்காலிகப் பட்டியலில் உறுதியானவர்கள் சுமார் 53 லட்சம். இறுதிப் பட்டியலில் 57.25 லட்சம். நடுவில் 4.29 லட்சம் என்று ஓர் எண் வருகிறது. 53-ஓடு அதைக் கூட்டினால் கிட்டத்தட்ட இறுதி எண்ணே வந்துவிடுகிறது. அப்படியானால் அந்த 4.29 லட்சம் பேர்தான் கடைசியில் சேர்க்கப்பட்டார்களா? அந்தப் பெயர்களால்தானே தேர்தல் ஆணையமே கலைக்கப்பட்டது?

இன்னொரு குழப்பமும் உண்டு. பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்காக ஊர் ஊராகப் போன நடமாடும் நீதிமன்றத்தில் காகிதம் வாங்கியவருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதா? ஒரு கட்டுரை ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. அடுத்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும்.

வக்கீல்_தஞ்சை

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அது தெளிந்தால்தான் எண்கள் புரியும். அந்த நடமாடும் நீதிமன்ற அமர்வுகள் கொடுத்தது பிறப்புக்கான தீர்ப்பு மட்டும். நம் ஊரில் பிறப்பைப் பதியாமல் விட்டவர் பல வருஷம் கழித்துக் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கிப் பதிவதைப் போன்றது. "இன்னார் இந்த ஊரில் இந்தத் தேதியில் பிறந்தார்" என்பதோடு அது முடிந்தது. தேசியச் சான்றிதழ் தனி, அதற்கு வழி வேறு.

பிறந்த இடம் ஏன் போதாது என்றால், அங்கே சட்டம் ரத்த வழியில் நிற்கிறது. 1961 குடியுரிமைச் சட்டத்தில் வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வாசல் இருந்தது, 1972 திருத்தம் அதை மூடியது. அதற்குப் பிறகு தாய் தகப்பனில் ஒருவராவது ஐவரி கோஸ்ட்காரர் என்று காட்டியாக வேண்டும்.

உங்கள் இரண்டு கட்டுரைகளும் முரண்படக் காரணம் 2006. அந்த வருஷம் ஜூலையில் அமர்வுகள் பரவலாகத் தொடங்கியபோது பிறப்புத் தீர்ப்போடு தேசியச் சான்றிதழும் அதே இடத்தில் தரப்படும் ஏற்பாடு இருந்தது. "வெளிநாட்டாரை வாக்காளராக்கும் சதி" என்று அன்றைய அதிபர் பாக்போவின் ஆதரவு இளைஞர்கள் தெருவில் இறங்கி மறித்தார்கள், உயிர்கள் போயின. அதன் பிறகு இரண்டும் பிரிக்கப்பட்டன. வாகடூகு ஒப்பந்தத்துக்குப் பின் 2007 செப்டம்பரில் மறுபடி தொடங்கிய அமர்வுகள் பிறப்புத் தீர்ப்போடு நின்றன, அதனால்தான் ஓரளவு நடந்தும் முடிந்தன. எந்தக் கட்டுரை எந்த வருஷத்தைப் பேசுகிறது என்று பாருங்கள்.

முந்திரி_கதிர்

தங்கச்சி, நான் பச்சை முந்திரி வாங்க வருஷா வருஷம் புவாக்கே, கொரோகோ பக்கம் போய் வருகிறவன். கட்டுரையில் இந்தச் சங்கதியை விட்டுவிடாதீர்கள்: பெயர். வத்தாரா, குலிபாலி, கொனே, த்ராவோரே எல்லாம் வடக்கு ஐவரி கோஸ்டிலும் உண்டு, எல்லை தாண்டி மாலியிலும் புர்கினாவிலும் உண்டு. பெயரை வைத்து ஆள் எந்த நாடு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சண்டைக் காலத்தில் தெற்கே சாலைத் தடுப்புகளில் பெயரைப் பார்த்தே அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டதாக வடக்கத்தி லாரிக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அட்டை போனால் ஊர் திரும்புவதே பாடு, ஓட்டுப் போடுவது எங்கே.

எல்லையே நேற்று வந்தது. 1932-ல் பிரெஞ்சுக்காரன் மேல் வோல்ட்டாவை, அதாவது இன்றைய புர்கினாவை, கலைத்துப் பெரும்பகுதியை ஐவரி கோஸ்டோடு சேர்த்தான், 1947-ல்தான் திரும்பப் பிரித்தான். அந்தப் பதினைந்து வருஷம் வாகடூகுவில் பிறந்தவரும் இந்த நிர்வாகத்தின் ஆள்தான். கோகோ, காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்ததும் அங்கிருந்துதான். 1998 கணக்கெடுப்பு மக்கள்தொகையில் 26 சதவீதத்தை வெளிநாட்டார் என்று எழுதியது. அதில் எத்தனையோ பேர் அங்கேயே பிறந்தவர்கள்.

வக்கீல்_தஞ்சை

கதிர் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல் அதிபர் ஊஃபுவே-புவான்யி காலத்தில், 1990 தேர்தல் வரை, மேற்கு ஆப்பிரிக்க வெளிநாட்டார் அங்கே வாக்களித்தார்கள். 1994 தேர்தல் சட்டம் அதை நிறுத்தியது. வேட்பாளருக்குப் பெற்றோர் இருவரும் பிறப்பால் ஐவரி கோஸ்ட்காரராக இருக்க வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் வந்தது. பிற்பாடு 2010-ல் பாக்போவை எதிர்த்து நின்ற அலசான் வத்தாரா 1995-ல் போட்டியிட முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். 2000 அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அதை இன்னும் இறுக்கியது. மேலே வேட்பாளருக்குப் போட்ட நிபந்தனை, கீழே சாதாரண வாக்காளர் மீதான சந்தேகமாக இறங்கியது.

பட்டியல்_பிரியன்

இப்போது எண்களுக்கு வருவோம். 53-ஓடு 4.29 ஒத்துப்போவது தற்செயல். அந்தக் கூட்டலைக் கட்டுரையில் போடாதீர்கள்.

நடந்தது இது. 2008 செப்டம்பரிலிருந்து 2009 ஜூன் வரை, பிரெஞ்சு நிறுவனமான சாஜெமும் நாட்டின் புள்ளிவிவர நிறுவனமும் கைரேகை, புகைப்படத்தோடு ஆட்களைப் பதிந்தன. அந்த 63.8 லட்சம் பெயர்களையும் 2000-ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியல் உள்ளிட்ட பழைய கோப்புகளோடு ஒப்பிட்டார்கள். பழைய கோப்பில் தடம் கிடைத்தவர்கள் வெள்ளைப் பட்டியல், சுமார் 53 லட்சம். தடம் கிடைக்காதவர்கள் சாம்பல் பட்டியல், சுமார் 10.3 லட்சம். சாம்பல் என்றால் வெளிநாட்டார் என்று பொருள் இல்லை, தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். கோப்பில் இல்லை, அவ்வளவுதான். போரில் வடக்கே எத்தனையோ ஊர்களின் பிறப்புப் பதிவேடுகள் அழிந்திருந்தன. காகிதம் எரிந்ததற்கு அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்?

2009 நவம்பரில் பட்டியலை வெளியிட்டு ஆட்சேப காலம் தொடங்கினார்கள். சாம்பலில் இருப்பவர் ஆதாரம் காட்டி உள்ளே வரலாம். வெள்ளையில் இருப்பவரை நீக்கச் சொல்லி எவரும் மனுப் போடலாம்.

4.29 லட்சம் 2010 ஜனவரிக் கதை. ஆணையத் தலைவர் பேக்ரே மாம்பே சாம்பல் பட்டியல் ஆட்களைத் தாமாகவே ஒப்பிட்டு உள்ளே கொண்டுவரப் பார்த்தார் என்பது பாக்போ தரப்பின் குற்றச்சாட்டு. அது ஆணையத்தின் உள்வேலைக்கான கோப்பு என்பது அவர் பதில். அது வெளியிடப்பட்ட பட்டியல் எதிலும் ஏறவில்லை. கூடவே டிவோ, மான் போன்ற ஊர்களில் நீக்கல் மனுக்களால் கலவரம். பிப்ரவரி 12-ல் பாக்போ அரசாங்கத்தையும் ஆணையத்தையும் கலைத்தார். யூசுஃப் பகாயோகோ தலைமையில் புது ஆணையம் வந்து மறுபடி சரிபார்த்தது. அதன் பிறகுதான், செப்டம்பரில், 57.25 லட்சம். ஆக, சாம்பலிலிருந்து உள்ளே வந்தவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம், அந்தச் சரிபார்ப்பு வழியாக வந்தவர்கள்.

நிலா_மதுரை

மிகவும் நன்றி, பெரிய முடிச்சு அவிழ்ந்தது. இரண்டே சந்தேகம். பட்டியலில் வராதவருக்கு ஓட்டு மட்டும்தான் இல்லையா, அட்டையும் இல்லையா? 2025-ல் எதிர்க்கட்சித் தலைவர் திஜான் தியாமின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதையும் இதே தொடர்ச்சியாக எழுதலாமா?

பட்டியல்_பிரியன்

அட்டையும் இல்லை. அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. இறுதிப் பட்டியலில் இருந்தவருக்கே புது தேசிய அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் சேர்ந்து வந்தன. ஒரே பதிவு, இரண்டு அட்டை. ஒரு பெயருக்காக ஜனங்கள் நீதிமன்ற வாசலில் அப்படி நின்றதற்குக் காரணம் அதிபர் யார் என்பது மட்டும் இல்லை. வங்கிக் கணக்கு, வேலை, பயணம் எல்லாம் அதில் தொங்கியது.

வக்கீல்_தஞ்சை

தியாம் விஷயத்தைத் தனிப் பத்தியாக வையுங்கள். அவருடைய பெற்றோர் பற்றிய கேள்வி அங்கே வரவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் ஐவரி கோஸ்ட் குடியுரிமையை இழப்பார் என்ற குடியுரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின் கீழ், பதிவின்போது பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தார் என்று 2025 ஏப்ரலில் நீதிமன்றம் நீக்கியது. இடையில் சட்டமும் நகர்ந்திருக்கிறது. நீண்டகாலமாக வாழ்பவர்களில் ஒரு பகுதியினர் அறிவிப்பு கொடுத்துக் குடியுரிமை பெற 2013-ல் தனிச்சட்டம் வந்தது. 2016 அரசியல் சட்டம் வேட்பாளருக்குத் தாய் அல்லது தகப்பன் ஒருவர் போதும் என்றது.

இன்னொன்று. 2010 நவம்பர் 28 இரண்டாம் சுற்றுக்குப் பின் மூண்ட சண்டையில் சுமார் 3,000 பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளை வாக்காளர் பட்டியல் தலையில் கட்டாதீர்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் முதல் சுற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள், இரு தரப்பும் அதே பட்டியலோடுதான் இரண்டாம் சுற்றுக்குப் போனது. தேர்தல் ஆணையம் வத்தாராவுக்கு 54.1 சதவீதம் என்று அறிவிக்க, அரசியல் சாசன மன்றம் வடக்கே ஏழு மாவட்டங்களின் வாக்குகளை ரத்து செய்து பாக்போ வென்றதாகச் சொன்னது. சண்டை அங்கே வெடித்தது. அட்டை கிடைத்த அதே வடக்கத்தியாரின் எண்ணிய வாக்குதான் அங்கே தூக்கி வீசப்பட்டது. உங்கள் கட்டுரையின் கடைசிப் பகுதியை அங்கிருந்து தொடங்குங்கள்.