ஷார்ப்ஸ் ரைஃபிளில் பைசன் வேட்டை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இந்தக் குளிர்காலத்தில் டெக்சாஸில் ஒரு தனியார் பண்ணைக்குப் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) வேட்டைக்குப் போகிறேன். கையில் 1874 மாடல் ஷார்ப்ஸ் ரைஃபிளின் நகல், .45-70 தோட்டா. பழைய ராணுவ அளவுப்படி 70 கிரெய்ன் (தோட்டா எடை அளவு) கருமருந்து, 405 கிரெய்ன் ஈயக் குண்டு.

திமிலைப் பார்த்து ஏமாறக் கூடாது, இதயமும் நுரையீரலும் நெஞ்சின் கீழ்ப்பகுதியில்தான், அதனால் முன்காலை ஒட்டித் தாழ்வாகக் குறிவைக்க வேண்டும். அது சரி. என் கவலை கருமருந்து கக்கும் புகைதான். காற்றில்லாத நாளில் சுட்டதும் எதிரே எதுவும் தெரிவதில்லை. குண்டு எங்கே பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எத்தனை கஜத்துக்குள் சுட்டால் மிருகம் வதைபடாது?

அப்புறம், குண்டு வார்க்கச் சுத்த ஈயமா, கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்கலாமா? குழலில் படியும் கரிக்குக் களத்தில் வெறும் தண்ணீர் போதுமா? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நேரில் சுட்டவர்கள் பதில் போட்டால் நல்லது.