சாஃப்ட்வேர்க்காரங்க "அடுத்த வெர்சன்ல வந்துரும்"னு சொல்லி உங்கள உக்கார வச்ச கதை இருக்கா?

பலகாரக்கடை, காரைக்குடி

எந்த சாஃப்ட்வேர்னு சொல்லல, வம்பு வேண்டாம். பில் போடுற ஸ்கிரீன் மேல ஒரு மஞ்சப் பட்டை ஓடும்ல, அதுல ஆகஸ்ட்லருந்தே "புத்தம்புது பதிப்பு விரைவில்!"னு ஓடுது. 2025 செப்டம்பர் 3 ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில்ல வரியக் குறைச்சு அறிவிச்சாங்க, 22லருந்து அமல். நம்ம தொழில்ல இருக்கவங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் லூசுல அள்ளிப் போடுற முறுக்குக்கு வரி 5 சதவீதம், அதே முறுக்கப் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 12. இனிமே ரெண்டுக்கும் 5தான்.

சப்போர்ட்டுக்கு போன் போட்டா, "புது வெர்சன்லயே எல்லாம் வருது சார், வெயிட் பண்ணுங்க". எப்பன்னு கேட்டா "டீம் வொர்க் பண்ணிட்டு இருக்காங்க". பத்து நாள் கழிச்சுக் கேட்டாலும் அதே டீம், அதே வொர்க்.

22ஆம் தேதி, திங்கக்கிழமை. கடை தொறந்து மொத போணி, எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார். சீப்புச்சீடை ஒரு பாக்கெட், கை முறுக்கு ஒரு பாக்கெட். 200 ரூவாச் சரக்கு, பில் 224ன்னு வந்து விழுது. சார் பேப்பரக் கக்கத்துல வச்சிருக்காரு. "ஏண்டா தம்பி, 210ல்ல வரணும்?" "சாஃப்ட்வேர் இன்னும் வரல சார்"ங்குறேன். சொல்லும்போதே எனக்கே கேவலமா இருக்கு. 14 ரூவாய எடுத்து நீட்டினேன், வாங்கல. அந்தப் பில்ல மட்டும் நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போய்ட்டாரு. அன்னைக்கு முழுக்கக் கையில பில் எழுதினேன். சார் அப்புறம் கடைப் பக்கம் வரவே இல்ல.

தேவகோட்டை மொய்க்காரன்

அண்ணே, உங்களுக்காவது கையில எழுத பில் புக் இருந்துச்சு. நான் கல்யாண வீட்டுல மொய் எழுதுறவன். பேரு, ஊரு, தொகை அடிச்சா சீட்டு வரும், சாயங்காலம் வீட்டுக்காரவுககிட்ட ஊர்வாரியா லிஸ்ட் குடுத்துருவேன். முகூர்த்தம் முடிஞ்சு கூட்டம் மொய்ப் பக்கம் திரும்புற நேரம். "புதிய பதிப்பை நிறுவினால் மட்டுமே தொடர முடியும்"னு ஒரு பொட்டி வந்து நிக்குது. மூட வழியில்ல. மண்டபத்துக்குள்ள டவர் ஒத்தக் கோடு. 34 சதவீதத்துல நின்னது நின்னதுதான்.

மொத ஆளா நின்னது பொண்ணோட தாய்மாமன். கையில கவர். "எப்பா, எழுதப் போறியா, இல்ல நான் போயி பந்தியில உக்காரவா?" இப்ப நெனச்சாலும் காது சூடாகுது. மண்டபத்துப் பொடியன ஓடவிட்டு 80 பக்க நோட்டு வாங்கியாரச் சொல்லி எழுதினேன். முந்துன நாள் ராத்திரி ஒரு மெசேஜ் போட்டிருந்தா வீட்டுலயே ஏத்திட்டு வந்திருப்பேன்ல.

கானாடுகாத்தான் தங்கும் வீடு

நான் கேக்குறது தேதியக் கூட இல்ல. வந்ததுல என்ன மாத்துனோம்னு சொல்லித் தொலைங்கன்னுதான். எங்க ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் டிசம்பர்ல, சரியா சீசன் நேரத்துல, புதுசாச்சு. குறிப்புல ஒரே வரி: "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன". அந்தச் சிறுசு என்னன்னா, காலி பண்ற தேதிய எண்ணுற கணக்கையே மாத்திட்டாங்க. கடைசி ராத்திரி காலின்னு காட்டி, இருக்கிற ரூமையே இன்னொருத்தருக்கும் வித்துருச்சு.

ராத்திரி ஒம்போது மணிக்கு வெளிநாட்டுக்காரவுக ரெண்டு பேரு வந்து நிக்கிறாக. ரூம்ல வேற குடும்பம். பயணக் களைப்பு, செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுத் திண்ணையில உக்காந்துட்டாக. சமையல்கார ஆச்சி, சும்மா உக்கார வைக்க மனசில்லாம கந்தரப்பம் சுட்டுக் கொண்டாந்து வச்சாக. அவுக ரசிச்சுச் சாப்பிட்டுட்டு நன்றி சொல்றாக. திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சென்னையில் இருக்கும் காரைக்குடிக்காரன்

நானும் நம்ம ஊருதான், இந்த சாஃப்ட்வேர் வேலைதான் பாக்குறேன், அதனால அடி எனக்கும் சேர்த்துத்தான்னு தெரியும். ஆனா பலகாரக்கடை அண்ணன் சொல்றதுல ஒண்ணு. 3ஆம் தேதி வந்தது அறிவிப்பு. எந்தப் பொருளு எந்தப் பட்டியல்லன்னு முறைப்படி நோட்டிஃபிகேஷன் வந்தது செப்டம்பர் 17. நடுவுல இருந்தது அஞ்சே நாள். அதுக்குள்ள மாத்தி, டெஸ்ட் பண்ணி, பழைய பில்லுக்குத் திரும்பி வந்த சரக்குல பழைய வரியே போகுதான்னு பாத்து விடணும். தேதி சொன்னா அதையே புடிச்சுக்கிட்டு "சொன்ன தேதிக்கு வரல"ன்னு கிழிப்பீங்க. அதனாலதான் மேல இருக்கவங்க தேதியே சொல்லாதன்னு வாயக் கட்டி வச்சிருக்காங்க.

மொய் அண்ணனுக்கு நடந்தது அநியாயம்தான். வேலை நேரத்துல வழிமறிக்கிற அப்டேட்ட நியாயப்படுத்த என்னால முடியாது.

பலகாரக்கடை, காரைக்குடி

தம்பி, அஞ்சு நாள் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். இப்ப மிச்சக் கதையக் கேளு. 24ஆம் தேதி பக்கத்துத் தெரு நெய்க்கடைக்காரர் வந்தாரு. நெய்யும் 12லருந்து 5 ஆச்சுல்ல, அவருக்கும் இதே சாஃப்ட்வேர்தான். "நான் 21 ராத்திரியே மாத்திட்டேனே"ங்குறாரு. எப்பிடின்னா, பொருள் பேரு இருக்குற பக்கத்துல விலைக்குக் கீழ வரின்னு ஒரு கட்டம். அதுல 12ஐ அழிச்சுட்டு 5ன்னு போட்டா முடிஞ்சுச்சு. புது வெர்சனே தேவையில்ல!

நான் போன் போட்டப்ப எல்லாம் ஒருத்தனாவது இதச் சொன்னானா? "வெயிட் பண்ணுங்க"ன்னுதான சொன்னான்? தேதி கேட்டு நான் சண்டை போடல தம்பி. கையில இருக்குற சாவியக் காட்டாம, புதுப் பூட்டு வருதுன்னு வாசல்ல நிக்க வச்சீங்கள்ல, அதத்தான் கேக்குறேன்.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை, பள்ளத்தூர்

என் கதை சிறுசு. "இன்று மாலை அப்டேட்" என்றார்கள், மூன்று மாலை உட்கார்ந்திருந்தேன், நாலாம் நாள் நான் ஊருக்குப் போயிருந்தபோது வந்தது. அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் சில காரியம் செய்யலாம்.

புதுப் பதிப்பு ஏற்றும் முன் டேட்டாவை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஏற்றியதும் பழைய பில் ஒன்றைத் திரும்ப அடித்து, தொகை ஒத்து வருகிறதா என்று பாருங்கள். மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடுகிறவர்கள் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டி எதையும் ஏற்றவே கூடாது. ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற இரண்டு ரிட்டர்னும் அந்தத் தேதிகளில்தான் கழுத்தைப் பிடிக்கும். வருடாந்திரப் பராமரிப்புப் பணம் கட்டும்போது, "என்ன மாறப்போகிறது, அதுவரை நாங்கள் எப்படிச் சமாளிப்பது" என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸாப் குரல் பதிவு கணக்கில் வராது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க, அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அது முடியும் தேதியை வருடக்கணக்கில் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எங்கள் அப்பச்சி பெட்டியடியில் தொழில் பழகி, பிறகு பினாங்குக் கடைக்கு மூன்று வருடக் கணக்கில் போய் வந்தவர். அவர் ஊருக்கு எழுதிய கடுதாசிகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. "இன்னாரிடம் வசூல் ஆகவில்லை, அடுத்த மாதமும் ஆகாது என்று தோன்றுகிறது" என்று அவரே எழுதியிருப்பார். ஐந்தொகை (கணக்கு முடிப்பு) போடும்வரை அதை முதலாளிக்கு மறைத்து வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. பேரேட்டையும் ஒரு பக்கம் கையால் எழுதி வாருங்கள், என்ன கெட்டுவிடும்?

தேவகோட்டை மொய்க்காரன்

ஐயா, பென் டிரைவ், பேரேடு எல்லாம் சரி. தாய்மாமன் கவரோட நிக்கிறப்ப எதச் சொருகுறது?

கானாடுகாத்தான் தங்கும் வீடு

இப்பத்தான் மெயில் வந்துச்சு. "உங்களுக்காக ஒரு மகிழ்ச்சியான செய்தி, விரைவில்"னு இருக்கு. ஆச்சிகிட்ட மாவு அரைச்சு வைக்கச் சொல்லிட்டேன்.