மலேசியாவில் பயிற்று விமானியாக (விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவராக) முதல் வேலை: எங்கே சேர்ந்தீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள்?

சுங்கை சிப்புட் தம்பி எழுதியது:

சிபிஎல் (தொழில்முறை விமானி உரிமம்) கையில் வந்த நேரம் 2020. விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன. நம்மில் பலர் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் (பயிற்றுநர் தகுதி) பக்கம் திரும்பியது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது நேர்காணல் நாளைப் பற்றி.

இரண்டு விமானப் பயிற்சிப் பள்ளிகளில் கூப்பிட்டார்கள். ஒன்றில் மாதச் சம்பளம், அதுவும் குறைவு, விமானங்களும் குறைவு. இன்னொன்றில் பறக்கும் மணிக்குத்தான் காசு. ஆனால் மாணவர்கள் ஏராளம், லாக்புக் (பறந்த மணிக்கணக்கை எழுதும் புத்தகம்) சீக்கிரம் நிரம்பிவிடும் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இரண்டாவதைப் பிடித்துக்கொள் என்றார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அப்பா மட்டும், "மணிக்குக் காசுன்னா நாங்க கிலோவுக்கு வெட்டுன மாதிரிதானே? மழை பெஞ்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். ஈப்போ பக்கம் மத்தியானத்துக்கு மேல் வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, அந்த இரண்டாவது பள்ளிக்குப் போனேன். தலைமைப் பயிற்றுநருக்கு போன் வந்தது, வெளியே போனார். கவுண்டரில் ஒரு விமானத்தின் டெக் லாக் (குறைகளையும் பழுதுபார்த்ததையும் எழுதும் பதிவேடு) திறந்தபடி கிடந்தது. செஸ்னா 172 எஸ். இடது மேக்னெட்டோவில் (பிளக்குக்குத் தீப்பொறி தரும் இரண்டு கருவிகளில் ஒன்று) டிராப், அதாவது எஞ்சின் சுற்று விழுவது, அதிகம் என்று ஒரு விமானி எழுதியிருந்தார். கீழே, "தரையில் ஓட்டிப் பார்த்தோம், திருப்தி." பக்கத்தைப் புரட்டினேன். வேறு விமானி, அதே குறை, அதே பதில். முந்திய பக்கத்திலும் அப்படியே. பிளக்கைக் கழற்றினோம், வயரைப் பார்த்தோம் என்று ஒரு வரி இல்லை. நிமிடத்துக்கு 1800 சுற்றில் வைத்து ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் 150 சுற்றுக்கு மேல் விழக்கூடாது, இரண்டு மேக்னெட்டோவுக்கும் நடுவே 50-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று முதல் வாரத்திலேயே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே விமானம் வெளியே நின்றது, ஒரு மாணவன் எரிபொருள் அளந்துகொண்டிருந்தான்.

அந்த வேலையை வேண்டாம் என்றேன். சம்பளம் குறைந்த பள்ளியில் சேர்ந்தேன். "தரையில் ஓட்டிப் பார்த்தோம், திருப்தி" என்ற வரி மட்டும் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

மலாக்காக் கரை எழுதியது:

தம்பி, ஒரு டெக் லாக்கைப் பார்த்து ஒரு பள்ளிக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது. மேக்னெட்டோ டிராப் பெரும்பாலும் பிளக்கில் ஈயம் படிவதால் வருவது. நாம் ஊற்றுவது ஈயம் கலந்த பெட்ரோல்தானே. விமானத்தைத் தரையில் ஓட்டிப் போகும்போது மிக்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை) குறைக்காமல் ஓட்டினால் படியும். கொஞ்ச நேரம் சுற்றை ஏற்றி மிக்சரைக் குறைத்து ஓட்டினால் எரிந்துவிடும். மெக்கானிக் தரையில் ஓட்டியபோது உண்மையிலேயே சரியாக இருந்திருக்கலாம்.

நான் மாணவர் கூட்டம் நிறைந்த பள்ளியில்தான் தொடங்கினேன், மணிக்குக் காசு வாங்கித்தான். ஒரு நாள் கடலுக்கு மேல் 4000 அடியில் ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை) காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பையன், படிப்பில் கெட்டி. இடது இறக்கை விழுந்ததும் யோக்கை (ஓட்டும் பிடியை) நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றேன், விடவில்லை. கத்தினேன், விடவில்லை. அவன் கண் கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டது. கடைசியில் முழங்கை மடிப்பில் ஓங்கித் தட்டினேன், கை தளர்ந்தது. தரைக்கு வந்து அவனிடம் கேட்டால், நான் கத்தியதே காதில் விழவில்லை என்றான். பொய் சொல்லவில்லை அவன்.

2009-இல் அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 பயணிகள் விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் ஷேக்கர் (ஸ்டால் நெருங்குகிறது என்று பிடியை அதிரவைக்கும் எச்சரிக்கை) அதிர்ந்ததும், தள்ளுவதற்குப் பதில் கேப்டன் இழுத்தார். விமானத்தில் 49 பேர், வீட்டில் இருந்த ஒருவர், ஆக 50 உயிர். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் துணை விமானிக்கும் 1500 மணி பறந்த அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. ஆனால் அன்று ஓட்டிய இருவருக்குமே 1500-க்கு மேல் இருந்தது! அதனால்தான் சொல்கிறேன், மணி முக்கியமில்லை, எத்தனை விதமான மாணவர்களோடு ஸ்டாலில் உட்கார்ந்தோம் என்பதுதான் முக்கியம். அது மாணவர் நிறைந்த பள்ளியில்தான் கிடைக்கும்.

தெலுக் இந்தான் அக்கா எழுதியது:

மாணவர் நிறைந்த பள்ளி என்று இருவரும் எழுதுகிறீர்கள். எத்தனை விமானத்துக்கு எத்தனை மாணவர் என்று யாரும் எழுதவில்லையே.

நான் சேர்ந்த இடத்தில் பட்டியலில் இருந்த விமானங்களில் பாதி ஹாங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) உதிரிபாகத்துக்காகக் காத்துக்கிடந்தன. புது பேட்ச் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பள்ளி வாசலில் ஒரு பெரியவர் நின்றார். என் மாணவனின் அப்பா. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், இபிஎஃப் (சேமநிதி) பணத்தை எடுத்து மகனுக்குக் கட்டியவர். "டீச்சர், எம்மவனுக்கு எப்பம்மா பிளேன் கெடைக்கும்? அவன் வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுத்துக்கிறான், பேசவே மாட்டேங்கிறான்" என்றார். கோபமே இல்லை அவரிடம். என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றே பேசினார். அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அலுவலகம் சொன்ன பதில் "அடுத்த வாரம்". அதையேதான் போன மாதமும் சொன்னார்கள்.

நான் வேறு பள்ளிக்கு மாறினேன். இப்போது நேர்காணலில் நான் முதலில் கேட்பது, இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், சோலோ (பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறப்பது) முடிக்காத மாணவர் எத்தனை பேர் என்பதைத்தான். சம்பளம் அப்புறம்.

கூலிம் மாமா எழுதியது:

மலாக்காக் கரை ஐயா, ஒன்று சொல்ல வேண்டும். பிளக்கில் ஈயம் என்றால், எரித்துவிட்டோம் என்று எழுதலாமே? அதே வரி பக்கம் பக்கமாக வந்தால் யாரும் பிளக்கைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். தம்பி செய்தது சரி. மாணவர் அதிகமாக இருந்தால் ஸ்டால் அதிகம் என்பதும் பாதி உண்மைதான். காலையிலிருந்து இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்த பயிற்றுநர் சாயங்கால மாணவனின் முழங்கையைத் தட்ட எவ்வளவு நேரம் எடுப்பார்?

எனக்கு நடந்தது சின்னது. விடியற்காலையில் சுமத்திரா பக்கமிருந்து புயல்வரிசை நெருங்குகிறது, மேற்கே கறுப்புச் சுவர். போக மாட்டேன் என்றேன். "உனக்குத்தான் மணி நஷ்டம்" என்றார் மேலாளர். அவ்வளவுதான். மணிக்குக் காசு கொடுக்கும் இடத்தில் வானிலையைப் பற்றிய முடிவும் நம் சட்டைப்பையைத் தொட்டுவிடுகிறது.

இப்போது ரேட்டிங் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஏடிபிஎல்லுக்கு (விமான நிறுவனக் கேப்டனுக்கு வேண்டிய உரிமத்துக்கு) மொத்தம் 1500 மணி என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஐக்காவோ (உலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வரையறையில் அதற்குள்ளேயே 100 மணி இரவு, 75 மணி இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) இருக்க வேண்டும். அந்த 75-இல் 30 வரைதான் சிமுலேட்டரில் எண்ணலாம். தலைமை விமானியாக வேண்டிய 250 மணி பயிற்றுநருக்குத் தானாக வந்துவிடும், மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாம்தானே தலைமை. சிக்குவது இரவு மணியில்தான். நம் ஊரில் சூரியன் மறைவதே ஏழுக்கு மேல். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, பள்ளி இரவுப் பயிற்சி நடத்துகிறதா, நடத்தினால் அதைப் பழைய ஆட்களுக்கே கொடுத்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். பகல் சர்க்கிட்டிலேயே (ஏறி, ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சியிலேயே) ஆயிரம் மணி சேர்த்துவிட்டு இரவுக்கு அலைந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், உங்களை யார் மேற்பார்வை பார்ப்பார்? ஐரோப்பிய விதியில் புது பயிற்றுநர் 100 மணி கற்றுக்கொடுத்து, 25 மாணவர் சோலோக்களை மேற்பார்த்த பிறகுதான் கட்டுப்பாடு நீங்கும். அதுவரை முதல் சோலோவுக்கு அவர் அனுமதி கொடுக்க முடியாது. விதி எந்த நாட்டுடையதோ இருக்கட்டும், அதன் நோக்கம் நல்லது. பின் சீட்டில் உட்கார்ந்து உங்கள் பாடத்தைக் கேட்டு, இங்கே அதிகம் பேசினாய், அங்கே சீக்கிரம் கண்ட்ரோலை வாங்கிவிட்டாய் என்று சொல்ல ஒரு மூத்தவர் இல்லாத பள்ளிக்கு முதல் வேலைக்குப் போகாதீர்கள். லங்காவி, ஈப்போ, மலாக்கா எதுவானாலும் சரி. ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றும் தித்திவங்சா மலையும் மேகத்தைக் கற்றுக்கொடுக்கும், லங்காவியில் ஆண்டு தொடக்கத்து வடகிழக்குக் காற்று காற்றைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கும். ஆனால் மேற்பார்வையை எந்த ஊரும் கொடுக்காது, ஆள்தான் கொடுக்க வேண்டும்.

மலாக்காக் கரை எழுதியது:

மாமா, களைப்பைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையனோடு ஏறியது என் காலைப் பயிற்சி, அதனால்தான் கை ஓங்கியது. டெக் லாக் விஷயத்தில் மட்டும் இன்னும் வாதாடுவேன்.

சுங்கை சிப்புட் தம்பி எழுதியது:

அண்ணே, வாதாடுங்கள், கேட்கிறேன். அக்கா, அந்த மாணவன் என்ன ஆனான்? மாமா, எங்கள் பள்ளியில் இரவுப் பயிற்சி உண்டு, ஆனால் வரிசையில் நான் கடைசி. வேறு பள்ளியில் இரவுக்கு மட்டும் பகுதி நேரமாகப் போக முடியுமா?

தெலுக் இந்தான் அக்கா எழுதியது:

அவன் சோலோ போய்விட்டான் தம்பி. நான் மாறிய பள்ளிக்கே அவனும் மாறி வந்தான். முன்னே கட்டிய பணத்தில் கொஞ்சம் திரும்பியது, மீதிக்கு அவன் அப்பா இன்னும் அலைகிறார். பகுதி நேரம் பற்றி: உங்கள் ஒப்பந்தத்தில் வேறு இடத்தில் பறக்கத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடை இல்லையென்றாலும் தலைமைப் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டே போங்கள். இரண்டு இடத்துப் பணிநேரமும் சேர்த்துத்தான் கணக்கு.